சுவரில் பெயர் உண்டு, பிரிகேட் இல்லை: தில்லி நினைவகங்களில் 50-வது பாராசூட் பிரிகேடைத் தேடினால்

ஒரு ஜவானின் பெயரைத் தேடிப் போகிறவருக்கு, இந்தியா கேட் பக்கத்தில் இருக்கும் தேசியப் போர் நினைவகத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. ரெஜிமெண்டைத் தேடிப் போனாலும் பழுதில்லை. ஆனால் ஒரு பிரிகேட் எந்தெந்தப் போரில் எங்கெங்கே நின்றது என்று பார்க்கப் போனால், வீட்டுப்பாடம் செய்யாமல் போனவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். இது கட்டியவர்களின் குறை அல்ல. ராணுவம் தன் செத்தவர்களை எண்ணும் முறையே அப்படி. அதைத் தெரிந்துகொண்டு போனால் இந்த நினைவகம் நிறையவே பேசும். அதற்காகத்தான் இந்த மதிப்புரை.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது 50-வது பாராசூட் பிரிகேட். காரணம் எளிது. அது பிறந்த ஊரே தில்லி. 1941 அக்டோபரில் இங்கே உருவாகி, 151 (பிரிட்டிஷ்), 152 (இந்திய), 153 (கூர்க்கா) என்று மூன்று பட்டாலியன்களோடு தொடங்கியது. அதன் பிறகு 1944-ல் மணிப்பூர், 1947-48-ல் ஜம்மு, 1961-ல் கோவா, 1965-ல் பஞ்சாப் எல்லை, 1971-ல் கிழக்கு வங்கம், 1988-ல் மாலத்தீவு, 1999-ல் கார்கில் என்று ஏறக்குறைய எல்லாப் பெரிய சண்டைகளிலும் இருந்தது. பெயரில் பாராசூட் இருந்தாலும் அடிப்படையில் இது காலாட்படைதான். வானத்திலிருந்து இறங்கினாலும் இறங்கிய பிறகு நடந்துதான் சண்டை. இன்னொரு வேடிக்கை: முழு பிரிகேடாக ஒரு போரிலும் இது குதித்ததே இல்லை. 1945 மே 1 அன்று ரங்கூனுக்குத் தெற்கே எலிபண்ட் பாயிண்டில் குதித்தது 153, 154 கூர்க்கா பட்டாலியன்களிலிருந்து ஆள் சேர்த்த ஒரே ஒரு பட்டாலியன். 1971-ல் கிழக்கு வங்கத்தின் டாங்காயிலிலும் ஒரே ஒரு பட்டாலியன். மற்றதெல்லாம் நடந்து போய்ச் செய்த சண்டை.

முதலில் அடிப்படை. பிரிகேட் என்பது சுமார் மூன்று பட்டாலியன்கள், அவற்றோடு ஒட்டிய பீரங்கி, பொறியாளர், மருத்துவப் பிரிவுகள், எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் பேர். ஆனால் பட்டாலியன்கள் நிரந்தரமாக ஒரு பிரிகேடில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வாடகை வீடு மாதிரி, இன்று ஒரு பிரிகேட், நாளை இன்னொன்று. ஜவானின் அடையாளம் அவன் ரெஜிமெண்ட், அதாவது அவன் பட்டாலியனின் தாய் அமைப்பு. கல்லில் செதுக்குவதும் பெயர், பதவி, ரெஜிமெண்ட்தான். ஆகவே 'பாரா' (பாராசூட் என்பதன் சுருக்கம்) என்று பார்த்ததெல்லாம் 50-வது பிரிகேட் என்று நினைத்தால் பாதி தப்பாகும், 'பாரா' இல்லாததையெல்லாம் ஒதுக்கினால் மீதிப் பாதியும் தப்பாகும்.

இந்தத் தேடலை ஒரே நாளில் முடிக்க மூன்று இடம் போக வேண்டும். காலையில் தில்லி கண்டோன்மெண்டில் பிரார் ஸ்கொயர், நடுவில் ஜாமியா மில்லியா, சாயங்காலம் தேசியப் போர் நினைவகம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கடைசி இடத்தில் நிழல் குறைவு. ஏப்ரல் முதல் ஜூன் வரை நடுப்பகலில் அந்தக் கருங்கல் தரையில் நிற்பது தவத்துக்குச் சமம்.

பிரார் ஸ்கொயரில் இருப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கும் தில்லி போர்க் கல்லறைத் தோட்டம். பிங்க் லைனில் டெல்லி கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோக்காரரிடம் 'வார் செமட்ரி' என்று மட்டும் சொன்னால் போதாது, பிரார் ஸ்கொயர் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். புல் வெட்டிய நேர்த்தி, கல் வரிசை, அமைதி எதிலும் குறை சொல்ல முடியாது. பிரிக்கப்படாத இந்தியாவின் 25,000-க்கும் மேற்பட்ட படையினருக்கான 1939–1945 நினைவும் இங்கேதான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் பெயர்கள் இந்தியா கேட்டில் இருக்கும் என்று நினைத்து அங்கே அண்ணாந்து பார்ப்பவர்கள் பலர். அங்கே உள்ள 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் முதல் உலகப் போரையும் 1919 ஆப்கன் போரையும் சேர்ந்தவை. தேசியப் போர் நினைவகமோ சுதந்திரத்துக்குப் பிந்தைய கணக்கு. நடுவில் விழுந்த காலத்துக்குத் தில்லியில் பிரார் ஸ்கொயர்தான் முகவரி.

ஆனால் நம் பிரிகேடுக்கு இங்கே விளைச்சல் குறைவு. அதன் முதல் பெரிய சண்டையான சங்ஷக்கில் இறந்தவர்களை இம்பால் கல்லறைகளிலும், 868 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர் தாங்கிய இம்பால் தகன நினைவகத்திலும், மியான்மரின் தௌக்யானில் உள்ள ரங்கூன் நினைவகத்திலும்தான் தேட வேண்டும். புறப்படும் முன்பே ஆணையத்தின் இணையதளத்தில் 1944 மார்ச் 19 முதல் 26 வரை என்று தேதியைக் கட்டிக்கொண்டு தேடிவிடுங்கள். பட்டாலியன் எண் 152, 153. எண்ணை மட்டும் தட்டினால் சம்பந்தமில்லாத பீரங்கிப் படைகளும் வந்து நிற்கும். தேதிதான் சரியான சல்லடை.

சங்ஷக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பிரார் ஸ்கொயர் வெறும் பூந்தோட்டமாகத் தெரியாது. பிரிகேட் மணிப்பூர் மலைக்குப் போனது காட்டுப் பயிற்சிக்காக. கையில் இரண்டு பட்டாலியன்தான். 151 ஏற்கெனவே 1942-ல் மத்திய கிழக்குக்குப் போய்விட்டது. பிற்பாடு 156 என்று எண் மாறி நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் சண்டை போட்டது அதுதான். அதன் இடத்தை நிரப்ப வேண்டிய 154 மணிப்பூருக்கு வந்து சேரவில்லை. மார்ச் 19 அன்று 7378 என்ற உயரப்புள்ளியில் இருந்த 152-வது பட்டாலியனின் சி கம்பெனி மீது ஜப்பானின் 58-வது ரெஜிமெண்ட் மோதியது. சுமார் 170 பேரில் திரும்பியவர்கள் இருபது பேர் அளவில்தான். அதன் பிறகு பிரிகேடியர் ஹோப்-தாம்சன் எல்லாரையும் சங்ஷக் கிராமத்து மேட்டில் குவித்தார். அங்கேயிருந்த மராட்டா பட்டாலியனும் நேபாளப் படையின் கம்பெனியும் மலைப் பீரங்கியும் அவருடன் சேர்ந்தன.

அங்கே தப்பானவற்றை அடுக்கினால், பின்னால் வந்த எல்லாச் சண்டைகளையும் அளக்க ஒரு கோல் கிடைக்கும். முள்கம்பி கேட்டார்கள், வரவில்லை. மேட்டில் மண் குறைவு, கீழே பாறை. ஆகவே பதுங்குகுழி இடுப்பளவுகூட இறங்கவில்லை. தண்ணீர் ஊற்று காவல் வட்டத்துக்கு வெளியே. விமானம் போட்ட மூட்டைகளில் பெரும்பங்கு ஜப்பானியர் பக்கம் விழுந்தது, ஏனென்றால் சுற்றுவட்டம் நீளத்தில் முக்கால் கிலோமீட்டர் அளவே இருந்தது. மார்ச் 26 இரவு பின்வாங்க உத்தரவு வந்தபோது சுமார் 600 பேர் இழப்பு. அப்போது இதைத் தோல்வி என்றே எழுதிவிட்டார்கள். ஆனால் கோஹிமா முற்றுகை தொடங்கியது ஏப்ரல் 4-ல்தான், அந்தத் தாமதத்தில் சங்ஷக்குக்குப் பங்கு உண்டு. செத்த ஜப்பானிய அதிகாரியிடமிருந்து கிடைத்த வரைபடத்தில் 31-வது டிவிஷன் முழுவதும் கோஹிமாவை நோக்கிப் போவது தெரிந்தது. நகல் எடுத்து, எதிரி வரிசைக்குள் புகுந்து இம்பாலுக்குக் கொண்டு சேர்த்தார்கள். இந்த வரைபடக் கதையைச் சொல்லும் பலகை ஒன்று பிரார் ஸ்கொயரில் இருந்திருக்கலாம். பராமரிப்புக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பிரிகேட் தேடலுக்குப் பத்துக்கு மூன்றுதான்.

அங்கிருந்து ஜாமியாவுக்கு: பிங்க் லைனில் லாஜ்பத் நகர், வயலட் லைனுக்கு மாறி கால்காஜி மந்திர், மெஜந்தா லைனில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா. வழியில் ஐ.என்.ஏ. ஸ்டேஷனைத் தாண்டும்போது தெரிந்துகொள்ள ஒன்று. பக்கத்தில் இருக்கும் சப்தர்ஜங் விமானதளம் அன்று வில்லிங்டன் விமானதளம். பிரிகேடுக்காக முதல் பயிற்சிப் பள்ளி வைத்தது அங்கேதான். 1942-ல் பள்ளி ராவல்பிண்டி பக்கம் சக்லாலாவுக்குப் போய்விட்டது. இறங்கிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, ஸ்டேஷனில் இறங்க வேண்டாம்.

ஜாமியா கல்லறைத் தோட்டத்தில் இருப்பது பிரிகேடியர் முகமது உஸ்மானின் சமாதி. தில்லி முழுவதும் தேடினாலும் இந்த பிரிகேடின் பெயரோடு நேரடியாகப் பேசும் இடம் இதுதான். 1947 டிசம்பர் கடைசி வாரத்தில் ஜம்மு பக்கத்து ஜாங்கர் இந்தியாவின் கைவிட்டுப் போனது. 77-வது பாரா பிரிகேடில் இருந்த உஸ்மான் 50-வதின் பொறுப்பை ஏற்று நௌஷேராவுக்குப் போனார். ஜாங்கரை மீட்கும் வரை கட்டிலில் படுக்கமாட்டேன் என்று சபதம் எடுத்தார், தரையில் பாய் விரித்துத்தான் படுத்தார். 1948 பிப்ரவரி 1 அன்று கோட் குன்று விழுந்தது, பிப்ரவரி 6 அன்று நௌஷேரா மீது வந்த பெரும் தாக்குதல் முறிந்தது, மார்ச் 18 அன்று ஜாங்கர் திரும்பி வந்தது. கட்டில் வரவழைத்தார்கள். ஜூலை 3 அன்று ஜாங்கரில் விழுந்த பீரங்கிக் குண்டு அவரைக் கொன்றது. பிறந்தது 1912 ஜூலை 15, முப்பத்தாறு நிறைய இன்னும் பன்னிரண்டு நாள். தில்லியில் நடந்த இறுதி ஊர்வலத்தில் நேருவும் நடந்தார். பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த விருதான மகாவீர் சக்கரம் இறப்புக்குப் பின் வந்தது.

பிரிவினையின்போது உஸ்மான் பலூச் ரெஜிமெண்டிலிருந்து டோக்ரா ரெஜிமெண்டுக்கு வந்தவர். ஆகவே தேசியப் போர் நினைவகத்தில் அவரை 'பாராசூட்' என்ற தலைப்பில் தேடுவது வீண். பெயரைக் கொண்டே தேடுங்கள். ஜாமியா கல்லறையில் வழி கேட்க 'பிரிகேடியர் சாப் கி கப்ர்' என்று சொன்னால் போதும். அது அடக்கத்தலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துச் சமாதிகளின் மேல் கால் வைத்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரியும். 2020 கடைசியில் இந்தச் சமாதியின் கல் உடைந்து கிடந்தது செய்தியானது, ராணுவம் சீர் செய்தது. அரை மணி நேரம் போதும்.

மூன்றாவதாகத் தேசியப் போர் நினைவகம். ஜாமியாவிலிருந்து மெஜந்தா லைனில் கால்காஜி மந்திர், வயலட் லைனுக்கு மாறி கான் மார்க்கெட், அங்கிருந்து ஆட்டோ. நுழைவு இலவசம். கோடையில் காலை 9 முதல் இரவு 7.30 வரை, நவம்பர் முதல் மார்ச் வரை 6.30 வரை திறந்திருக்கும். குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களில் அந்த வட்டாரமே அடைபட்டுக் கிடக்கும் என்பதால் ஜனவரியில் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பையைச் சோதிப்பார்கள். மதியச் சாப்பாட்டை வெளியிலேயே முடித்துவிடுங்கள்.

2019 பிப்ரவரி 25 அன்று திறந்த இந்த 40 ஏக்கர் வளாகத்தை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசன். உலகளாவிய போட்டியில் தேர்வான வடிவம். சக்கர வியூகத்தை நினைத்து நான்கு வட்டங்கள்: நடுவில் அமர் சக்கரம், அதைச் சுற்றி வீரதா சக்கரம், தியாக சக்கரம், வெளியே மரங்களாலான ரக்ஷக் சக்கரம். இந்தியா கேட்டின் உயரத்தோடு போட்டி போடாமல் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டியது நல்ல புத்தி. இந்தியா கேட்டில் எரிந்துகொண்டிருந்த அமர் ஜவான் ஜோதியை 2022 ஜனவரி 21 அன்று இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். கட்டடமாக இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளக்கங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன. ஊரிலிருந்து பெரியவர்களைக் கூட்டிவந்தால் பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும்.

வீரதா சக்கரத்தில் ஆறு வெண்கலச் சிற்பங்கள்: கங்காசாகர், லோங்கேவாலா, தித்வால், ரெஜாங் லா, ஆபரேஷன் மேக்தூத், ஆபரேஷன் டிரைடண்ட். இதில் 50-வது பிரிகேடின் சண்டை ஒன்றும் இல்லை. ஜாங்கர் இல்லை, டாங்காயிலும் இல்லை. தரைப்படை, விமானப்படை, கடற்படை மூன்றுக்கும் இடம் வேண்டும், ஆறில் எத்தனைதான் அடக்குவது. ஆனாலும் தில்லியிலேயே உருவான பிரிகேடுக்கு ஒரு மூலையாவது கொடுத்திருக்கலாம்.

தேடலை இங்கே தொடங்க வேண்டாம். முதலில் பரம யோத்தா ஸ்தலுக்குப் போங்கள், பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் இருக்கும் இடம். நம் ஆட்கள் பெரும்பாலும் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலையிடம் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதோடு நிற்காமல் நாயக் ஜதுநாத் சிங்கைத் தேடுங்கள். 1948 பிப்ரவரி 6 விடியலில் நௌஷேராவின் தைந்தார் குன்றில் இரண்டாம் எண் காவல்சாவடியில் ஒன்பது பேரோடு இருந்தவர். மூன்று அலை தாக்குதல். இரண்டாவதில் ஆட்கள் எல்லாரும் அடிபட்டார்கள், மூன்றாவதில் தனியாக வெளியே பாய்ந்து எதிரியைக் கலைத்துவிட்டு விழுந்தார். சிலையின் கீழே இருப்பது ராஜ்புத் ரெஜிமெண்ட். அந்த 1-வது ராஜ்புத் அன்று உஸ்மானின் 50-வது பாரா பிரிகேடில் இருந்தது. அந்த நாள் சண்டையில் இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் 33. அதாவது பிரிகேடின் மிகப் பெரிய வெற்றிக்குக் கிடைத்த மிக உயர்ந்த விருது, 'பாராசூட்' என்ற சொல்லே இல்லாத ஒரு சிலையில் நிற்கிறது. பிரிகேடியருக்கு இங்கே சிலை இல்லை, நாயக்குக்கு இருக்கிறது. விருதுக் கணக்குப்படி சரிதான்.

பிறகு தியாக சக்கரம். பதினாறு வளைவுச் சுவர்கள், திறந்தபோதே 25,942 பெயர்கள், ஒவ்வொருவருக்கும் தனிக் கருங்கல், பொன்னிற எழுத்து. இங்கே நேரத்தைத் தின்னும் தவறுகள் நாலைந்து உண்டு.

முதலாவது, 1947-48-ல் இந்திய ராணுவத்தில் பாராசூட் ரெஜிமெண்ட் என்று ஒன்று கிடையாது. அது 1952 ஏப்ரலில்தான் உருவானது. அதற்கு முன் பாராசூட் பட்டாலியன்கள் தங்கள் தாய் ரெஜிமெண்டின் பெயரிலேயே இருந்தன. 1-வது பஞ்சாப் 1 பாரா ஆனது, 3-வது மராட்டா 2 பாரா ஆனது, 1-வது குமாவோன் 3 பாரா ஆனது. ஆகவே ஜாங்கர் காலத்துப் பெயர்களை மராட்டா லைட் இன்ஃபண்ட்ரி, ராஜ்புத், குமாவோன், பஞ்சாப் என்றுதான் தேட வேண்டும்.

ஒரே பெயரில் பத்து பேர் இருப்பார்கள் என்பது அடுத்த சிக்கல். பல்வந்த் சிங், ராம் சிங் போன்ற பெயர்களுக்கு ராணுவ எண் இல்லாமல் போகவே வேண்டாம். ஐசி என்று தொடங்கினால் அதிகாரி, ஜேசி என்றால் சுபேதார் வகை, வெறும் எண் என்றால் ஜவான். நினைவகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடும் வசதி இருக்கிறது, வீட்டிலேயே தேடி எழுதிக்கொண்டு போங்கள். தமிழ்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எப்படியும் மாறும். கிருஷ்ணனை இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள். இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும்.

பிரிகேடோடு போனவர்கள் எல்லாரும் காலாட்படை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கோவா நல்ல உதாரணம். 1961 டிசம்பரில் 17-வது டிவிஷனின் திட்டப்படி முக்கிய அடி கிழக்கிலிருந்து 63-வது பிரிகேட் கொடுக்க வேண்டும். சகத் சிங்கின் 50-வது பாரா வடக்கிலிருந்து போக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கிழக்கு வழியில் கண்ணிவெடியும் தகர்த்த பாலங்களும் வேகத்தைக் குறைக்க, வடக்கிலிருந்து போனவர்கள் டிசம்பர் 19 காலை மாண்டோவி ஆற்றைக் கடந்து பஞ்சிமுக்குள் முதலில் நுழைந்துவிட்டார்கள். 1 பாரா, 2 பாரா, 2-வது சீக் லைட் இன்ஃபண்ட்ரி என்ற மூன்று பட்டாலியன்களோடு 7-வது கவல்ரியின் கவச வண்டிகளும் போயின. அகுவாடா கோட்டையில் இறந்த மேஜர் சிவ்தேவ் சிங் சித்து அந்தக் கவல்ரிக்காரர். கோவாவுக்கு 'பாரா' என்று மட்டும் தேடினால் அவர் விட்டுப்போவார்.

நிறைய பேர் விழுந்த குழி ஒன்று உண்டு, 1965. 'பாரா' என்றதும் காஷ்மீரின் ஹாஜி பீர் கணவாய் நினைவுக்கு வரும். 1965 ஆகஸ்ட் 28 அன்று அதைப் பிடித்தது மேஜர் ரஞ்சித் சிங் தயாள் தலைமையில் 1 பாரா. ஆனால் அன்று 1 பாரா இருந்தது 68-வது காலாட்படை பிரிகேடில். 50-வது பிரிகேட் அந்தப் போரில் நின்றது லாகூர் முனையில், இச்சோகில் கால்வாய் பக்கம். அங்கே பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. புகழ் முழுதும் ஹாஜி பீருக்குப் போய்விட்டது, பிரிகேடின் கணக்கிலும் சிலர் அதை எழுதிவிடுகிறார்கள். 1947 நவம்பர் 7 அன்று ஸ்ரீநகர் பக்கம் நடந்த ஷாலடெங் சண்டையிலும் இதே கதைதான். பிற்பாடு 3 பாரா ஆன 1-வது குமாவோன் அங்கே சண்டை போட்டது 161-வது பிரிகேடின் கீழ்.

1971-க்கு வந்தால் குழப்பம் உச்சம். டிசம்பர் 11 மாலை டாங்காயிலில் குதித்தது 2 பாரா. லெப்டினண்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமையில், கூடவே வந்த பீரங்கி, பொறியாளர், மருத்துவப் பிரிவினரையும் சேர்த்துச் சுமார் 700 பேர். ஏஎன்-12, பாக்கெட், டகோட்டா என்று கலந்துகட்டி விமானங்கள். வேலை ஒன்றே: லோஹாஜங் ஆற்றின் மேல் பூங்லி பாலத்தைப் பிடித்து, ஜமால்பூர்-மைமன்சிங் பக்கமிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கும் பாகிஸ்தானின் 93-வது பிரிகேடை வழிமறிப்பது. இருட்டுவதற்குள் பாலம் கையில் வந்தது. இரவில் பின்வாங்கி வந்தவர்கள் பாலத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே மோதினார்கள். மறுநாள் வடக்கிலிருந்து வந்த 95-வது மலைப் பிரிகேட் இணைந்தது. டிசம்பர் 16 காலை டாக்காவுக்குள் நுழைந்ததும் 2 பாராதான்.

அப்போது 50-வது பிரிகேடின் மற்ற பட்டாலியன்கள் எங்கே? கிழக்கு வங்கத்தின் இன்னொரு ஓரத்தில், ஜெசூர் பக்கம். டாங்காயிலில் ஒரு பட்டாலியன்தான் இறங்கியது. ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஒரு முழு பிரிகேட், 5,000 பேர் என்று செய்தி போனது. அதற்கு ஒரு காரணம், செய்தியோடு கொடுத்த புகைப்படம். அது டாங்காயிலில் எடுத்தது அல்ல, ஆக்ராவில் முன்பு நடந்த பயிற்சியில் எடுத்தது. வானம் கொள்ளாமல் குடைகள். டாக்காவில் அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பிரிகேட் முழுதாகக் குதித்தது அந்தப் படத்தில் மட்டும்தான் என்று சொல்லலாம். இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு 1971 பெயர்களுக்கு வாருங்கள். பாராசூட் ரெஜிமெண்ட் பெயர்களில் டாங்காயிலை மட்டும் தேடாதீர்கள், ஜெசூர் பக்கத்துப் பட்டாலியன்களும் இழந்திருக்கின்றன. தேதியும் பட்டாலியன் எண்ணும் கையில் இல்லாவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது.

கல்லே இல்லாத சண்டைகளும் இருக்கின்றன. 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் அதிபர் கயூமைக் கவிழ்க்க அப்துல்லா லுத்துஃபி இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட்டின் ஆட்களைக் கூலிக்குக் கூட்டிவந்தபோது, அன்றிரவே ஆக்ராவிலிருந்து இரண்டு ஐஎல்-76 விமானங்களில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து ஹுலுலே விமானதளத்தில் இறங்கியது 50-வது பிரிகேட். முன்னால் போனது 6 பாரா, கூடவே பிரிகேடியர் புல்சாராவும். இந்தியத் தரப்பில் ஒரு உயிரும் போகவில்லை. ஆகவே தியாக சக்கரத்தில் அதற்கு எதுவும் இல்லை.

ஏ. ஜி. ரங்கராஜையும் இங்கே தேடிப் பயனில்லை. 152-வது பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இருந்தவர், பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். பிற்பாடு 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸைக் கொரியாவுக்குக் கூட்டிப் போனார். 1951 மார்ச் 23 அன்று முன்சான்-னியில் அமெரிக்கப் பாராசூட் படையோடு அவரது பிரிவினரும் குதித்தார்கள். மகாவீர் சக்கரம் பெற்றார், உயிரோடு திரும்பினார். செத்தவர்களுக்கான சுவரில் அவருக்கு வேலை இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் தில்லியில் இவரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த நினைவகம் உதவாது.

கார்கிலை விரைவாகவே முடித்துவிடலாம். 1999-ல் 50-வது பிரிகேட் 8-வது மலை டிவிஷனின் கீழ் முஷ்கோ பள்ளத்தாக்கில் சண்டைக்குப் போனது. பாராசூட் ரெஜிமெண்டின் வேறு பட்டாலியன்கள் வேறு பிரிகேடுகளோடு வேறு முனைகளில் இருந்தன. கல்லில் எல்லாருக்கும் ஒரே ரெஜிமெண்ட் பெயர்தான்.

இந்த மூன்று இடங்களையும் சேர்த்து மதிப்பெண் கேட்டால்: கட்டடத்துக்கும் பராமரிப்புக்கும் தாராளமாக, தனிப் பெயர் தேடலுக்கு நன்றாக, பிரிகேட் தேடலுக்குத் தேர்ச்சி மட்டும். ஒரு சின்ன ஏற்பாடு இருந்தால் போதும். பெயர் தேடும் வசதியில் தேதி, பட்டாலியன், அன்று அது இருந்த பிரிகேட் என்ற மூன்று கட்டங்கள் கூடுதலாக. ராணுவத்திடம் இல்லாத தகவல் அல்ல. அது வரும் வரை, ஒரு தாளில் ஆண்டு, இடம், பட்டாலியன் பெயர் (அப்போது இருந்த பெயர், இப்போதைய பெயர் அல்ல), கூடச் சென்ற பிரிவுகள் என்று எழுதிக்கொண்டு போவதுதான் வழி.

சூரியன் மறையும் நேரத்தில் நடக்கும் ரிட்ரீட் நிகழ்ச்சிக்கு அரை மணி முன்பே அமர் சக்கரத்தருகே இடம் பிடித்துவிடுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வீரரின் குடும்பத்தினர் வந்து மலர்வளையம் வைப்பார்கள். அப்போது கைப்பேசியைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். முடிந்ததும் இந்தியா கேட்டைச் சுற்றிய சி-ஹெக்ஸகன் சாலையில் ஆட்டோவுக்கு நிற்பது பிரயோஜனமில்லை. கூட்டம் முழுவதும் அங்கேதான் நிற்கும், கேட்கும் காசும் இரட்டிப்பு. மண்டி ஹவுஸ் பக்கம் நடந்துவிட்டால் அரை மணிக்குள் மெட்ரோ.